ஷாஃப்ட்ஸ்பரி பிரபு: ஓட்டை விழுந்த சட்டங்களின் நாட்குறிப்பு

ஏப்ரல் 28
1801இல் இதே நாளில் லண்டனில் ஆண்டனி ஆஷ்லி கூப்பர் பிறந்தார். பெண்களையும் குழந்தைகளையும் கொடிய வேலைகளிலிருந்து காக்கச் சட்டங்களுக்காகப் போராடிய ஷாஃப்ட்ஸ்பரி பிரபு இவர்தான். பெற்றோரின் பாசம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஜெபம் சொல்லிக்கொடுத்து அரவணைத்தவர் வீட்டுப் பணியாளர் மரியா மில்லிஸ்தான். 1826இல் எம்.பி. ஆனார். 1851இல் தந்தை இறந்து ஷாஃப்ட்ஸ்பரி பட்டம் கைக்கு வரும்வரை அவர் ஆஷ்லி பிரபுதான்.

ஜூன் 7
1842இல் சுரங்க மசோதாவைக் கொண்டுவந்து அவர் பேசிய நாள். அதற்கு முந்தைய மாதம் வந்த விசாரணை அறிக்கையில் படங்களும் இருந்தன. இடுப்பில் வார், கால்களுக்கிடையே சங்கிலி, நான்கு காலில் தவழ்ந்து நிலக்கரி வண்டியை இழுக்கும் சிறுமி. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குக் காற்றுக் கதவு வேலை: வண்டி வந்தால் கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். கதவு திறந்தே கிடந்தால் காற்றோட்டம் திசைமாறி, உள்ளே எரிவாயு சேர்ந்து வெடிக்கும். அத்தனை பேர் உயிரும் இருட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் கையில்!

பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் நிலத்தடி வேலை தடையானது. பையன்களுக்கு 13 வயது வரம்பு கேட்டார். மசோதா சட்டமாவதற்குள் அது 10 ஆகக் குறைந்துவிட்டது.

ஜூன் 8
பத்து மணி நேரச் சட்டம், 1847. ஜவுளி ஆலைகளில் பெண்களையும் இளவயதினரையும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம். நிறைவேறியபோது ஆஷ்லி சபையில் இல்லை. இறக்குமதித் தானியத்தின் மீதான வரி விவகாரத்தில் மனம் மாறியதால், அதே வரியைக் காக்க வேண்டுமென்று தம்மை அனுப்பிய டார்செட் வாக்காளர்களுக்கு நேர்மையாக இருக்க 1846இல் பதவி விலகியிருந்தார். மசோதாவைக் கரைசேர்த்தவர் ஜான் ஃபீல்டன் என்ற எம்.பி.

சட்டம் மணிக்கணக்கைச் சொன்னதே தவிர, தொடர்ச்சியாக வேலை தர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவில்லை. காலை 5.30க்கும் இரவு 8.30க்கும் இடையே பத்து மணி நேரத்தைத் துண்டு போட்டு, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தினார்கள் ஆலை முதலாளிகள். யார் எத்தனை மணி நேரம் நின்றார் என்று எந்த ஆய்வாளராலும் எண்ண முடியாது. 1850இல் நீதிமன்றமும் முதலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த ஆண்டே ஆஷ்லி ஒரு சமரசத்துக்கு இணங்கினார்: காலை 6 முதல் மாலை 6 வரை, சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம், சனிக்கிழமை 2 மணியோடு சரி. நாளுக்கு அரை மணி நேரம் கூடியதால் தொழிலாளர்களில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். அவர் செய்தது சரியென்றே நினைக்கிறேன். கடிகாரத்தைப் பார்த்தே மீறலைப் பிடிக்க அப்போதுதான் வழி பிறந்தது.

ஆகஸ்ட் 29
1833 தொழிற்சாலைச் சட்டம். ஒன்பது வயதுக்குக் கீழே வேலை கூடாது (பட்டு ஆலைகளுக்கு மட்டும் விலக்கு). ஆனால் இங்கிலாந்தில் அரசின் பிறப்புப் பதிவே 1837இல்தான் தொடங்கியது. வயதை மருத்துவர் உடல்வாகைப் பார்த்துச் சொல்வார். வளர்ந்த பிள்ளை என்றால் வயது கூடிவிடும்.

அக்டோபர் 1
1885இல் ஃபோக்ஸ்டனில் மறைந்தார். துடைப்பதற்காகப் புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றுவதை 1840, 1864 சட்டங்கள் தடுத்தும் பயனில்லை. வழக்குப் போடுவது யார் பொறுப்பு என்றே இல்லை. கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்த பிறகு, 1875இல் ஷாஃப்ட்ஸ்பரி கொண்டுவந்த சட்டம், புகைபோக்கி துடைப்பவர் ஆண்டுதோறும் போலீசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றது. சட்டத்தை அமல்படுத்தும் கடமையும் போலீசுக்கு வந்தது.