டிரெய்லருக்குப் பின்கேமரா: கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

அமெரிக்காவில் விற்கும் பல டிராவல் டிரெய்லர்களில் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்றவை), பின்சுவர் உச்சியில் கேமராவுக்கான பிராக்கெட்டும் வயரும் முன்பே போட்டிருக்கும். அந்த வயர் பெரும்பாலும் மார்க்கர் லைட்டோடு, அதாவது டிரெய்லரின் விளிம்பைக் காட்டும் சிறு விளக்கோடு, சேர்ந்தது. இழுக்கும் வண்டியின் லைட்டைப் போட்டால்தான் கேமராவுக்கு 12 வோல்ட் வரும். கேமரா போய்விட்டது என்று கழற்றும் முன் இதைப் பாருங்கள்; பாதிப் புகார் இங்கேயே தீரும்.

பிராக்கெட் இல்லையா? நடு மார்க்கர் லைட்டைக் கழற்றி அதன் பின்னாலிருந்தே இணைப்பு எடுக்கலாம். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பிராக்கெட்டுக்கு அடியில் பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் பட்டை), மாட்ட ஸ்டெயின்லெஸ் திருகு. மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சீலன்ட் பூசி, கீழ் விளிம்பை மட்டும் திறந்து விடுங்கள். நாலு பக்கமும் அடைத்தால், எப்படியோ உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் சுவர்ப்பலகையை உளுத்துப்போக வைக்கும்.

வயர்லெஸ் படம் விட்டுவிட்டு வந்தால், கேமராவைக் குறை சொல்லாமல் ஆன்டெனாவைப் பாருங்கள். பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. டிரெய்லர் சுவரின் அலுமினியத் தகடு அந்தச் சிக்னலைத் தடுக்கும். நீட்டிப்புக் கேபிள் போட்டு ஆன்டெனாவை டிரெய்லரின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகும். மானிட்டரில் இடவலம் மாறித் தெரிந்தால் மிரர் செட்டிங்கை மாற்றுங்கள்.