சங்கப் பதிவு: பைலாவில் விட்ட ஒரு வரி எத்தனை அலைச்சல் தரும்!

ஊர்க்குழுக்களுக்குப் பதிவு, வங்கிக் கணக்கு, வரிச்சான்று ஆகியவற்றுக்கு வழிகாட்டுவதுதான் எங்கள் அறக்கட்டளையின் வேலை. ஏரி தூர்வாருகிறவர்கள், மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் எனப் பலரும் வருவார்கள். ஒரு கிராமத்து நூலகக் குழுவுக்கு இப்போதுதான் 80ஜி, அதாவது நன்கொடை தருகிறவர்களுக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் சான்று, கைக்கு வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் வழியில் பட்டதை எழுதிவைத்தால், அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அலைச்சலாவது மிச்சமாகும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, குறைந்தது ஏழு பேர், பைலா (சங்கத்தின் விதிகள்), மாவட்டப் பதிவாளர் அலுவலகம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். இணையத்தில் விண்ணப்பம் ஏற்றுவதிலும் தொல்லை இல்லை.

தொல்லை முகவரிச் சான்றில் ஆரம்பித்தது. இடம் கொடுத்தவர் சம்மதக் கடிதம் எழுதித் தந்தார். வீட்டு வரி ரசீதோ காலமாகிவிட்ட அவருடைய அப்பா பெயரிலேயே இருந்தது. கிராமத்தில் பாதி வீடுகளுக்கு இதே கதைதான். வாரிசுச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். பிறகு, கடிதத்தில் உள்ள கதவு எண்ணும் ரசீதில் உள்ளதும் ஒன்றாக இல்லை என்றார்கள். அதையும் திருத்திக்கொண்டு போனால், உறுப்பினர் ஒருவரின் இனிஷியல் ஆதாரில் ஒரு மாதிரியும் பட்டியலில் வேறு மாதிரியும் இருக்கிறதாம். மூன்றுமே முதல் நாள் கொடுத்த அதே தாள்களில் இருந்த குறைகள். அன்றைக்கே மூன்றையும் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு குறைக்கும் ஒருவர் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏற வேண்டியிருந்தது என்பது அந்த மேசைக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. குறைகளை எல்லாம் ஒரே தடவையில் எழுத்தில் தாருங்கள் என்று மனு கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மனு அப்படியே கிடந்தால், அதன் நிலையைக் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு விண்ணப்பம் போடலாம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முத்திரை வாங்கிய அந்த மனுவுக்குப் பிறகுதான் எங்கள் கோப்பு நகர்ந்தது.

பெயர் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. காந்தி, நேரு பெயர்களை ஆசையாக வைத்துக்கொண்டு வருவார்கள். 1950ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டம் அதற்குத் தடையாக நிற்கும். இன்னொன்று ஆங்கில எழுத்துக்கூட்டல். சான்றிதழ் தமிழில் வந்தது. ‘மன்றம்’ என்பதற்குப் பான் விண்ணப்பத்தில் நடுவில் டி சேர்க்கவில்லை, வங்கி விண்ணப்பத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்துக்காக வங்கி கணக்கைத் திறக்க மறுத்துவிட்டது. முதல் கூட்டத்திலேயே ஆங்கிலப் பெயரை இப்படித்தான் எழுதுவோம் என்று தீர்மானம் போட்டு, பைலாவின் முதல் விதியிலும் சேர்த்துவிடுங்கள். ரப்பர் ஸ்டாம்பு அதற்கப்புறம் செய்தால் போதும்.

வங்கித் தீர்மானத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று எழுதாதீர்கள். ஒருவர் வெளியூர் போனாலே பணம் முடங்கும். மூவரில் எவரேனும் இருவர் என்று எழுதுங்கள். கணக்குத் திறக்கும்வரை செயலாளரின் சொந்தக் கணக்கில் நன்கொடை வாங்கவே கூடாது. அது அவருடைய பான் எண்ணில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

இதையெல்லாம்விடப் பெரிய அடி பைலாவில்தான் விழுந்தது. ஜெராக்ஸ் கடையில் கிடைத்த மாதிரி ஒன்றை அப்படியே அடித்திருந்தார்கள். சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு என்ற விதியே அதில் இல்லை. மிச்சமுள்ள சொத்து உறுப்பினர்களுக்குப் பிரியாது, இதே நோக்கமுள்ள வேறொரு பொதுத்தொண்டு நிறுவனத்துக்குத்தான் போகும் என்ற வரியை வருமான வரி அதிகாரி தேடிப் பார்ப்பார். நோக்கங்களில் ‘உறுப்பினர் நலன்’ என்றோ, குறிப்பிட்ட சாதி, மதத்தாருக்கு என்றோ இருந்தால் 80ஜி கிடைப்பது கஷ்டம். பதிவுக்குப் பிறகு ஒரு விதியைச் சேர்க்க மறுபடி பொதுக்குழு, சிறப்புத் தீர்மானம், பதிவாளரிடம் தாக்கல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அந்த ஒரு வரிக்காக இந்தக் குழு அத்தனையும் செய்தது.

12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி இரண்டிலும் தற்காலிகப் பதிவு சிரமமில்லாமல் வந்துவிடும். அடுத்து முறையான பதிவுக்குப் போகும்போதுதான் கேள்விகள் வரும். கேள்வி மின்னஞ்சலில் வரும், பதிலுக்குக் கிடைக்கும் அவகாசமும் குறைவு. நிறையக் குழுக்கள் பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சலையே கொடுத்துவைத்திருக்கின்றன. நோட்டீஸ் அவருக்குப் போகும், அவர் பார்க்கமாட்டார், பதில் இல்லையென்று விண்ணப்பம் தள்ளுபடியாகும். சங்கத்தின் பெயரில் தனி மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லைத் தீர்மானப் புத்தகத்தோடு இருவர் பொறுப்பில் வையுங்கள்.

சான்று வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டுவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுவோடு அலைவதுதான் மிச்சம். 80ஜி வைத்திருப்பவர்கள் நன்கொடையாளர் விவரத்தை மே 31க்குள் வரித்துறைக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். ரசீது எழுதும்போதே பெயர், முகவரி, பான் எண்ணை வாங்கிவிடுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அவருக்கு வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் பணத்தை வாங்குமுன் சொல்லிவிடுங்கள்.