ஸ்டோரில் இருக்கும் கருவி

மலேசியாவில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டும் ‘கேண்டாஸ்’ என்ற மோட்டார் கருவி எத்தனை தோட்டங்களில் இருக்கிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. படிவத்தில் கேள்வி ஒன்றுதான்: கடந்த 12 மாதத்தில் மோட்டார் வெட்டுக் கருவியைப் பயன்படுத்தினீர்களா? மேனேஜர் ‘ஆமாம்’ என்றார். பொய்யில்லை. ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் காத்திருந்தார்.

“என்ன தம்பி எழுதுனீங்க?”

“கேண்டாஸ் பயன்படுத்துறாங்கன்னு, அண்ணே.”

“குட்டை மரத்துக்குத்தானே எடுக்குறோம், அதை எழுதுனீங்களா? இல்லேன்னா மிசின்தான் வந்திருச்சே, இவ்வளவு ஆளு எதுக்குன்னு மேலே கேப்பாங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் ஸ்டோரைத் திறந்து காட்டினார். கருவியின் அரிவாளில் எப்போதோ போட்ட எண்ணெய் காய்ந்து கறுத்திருந்தது. பக்கத்தில் சாத்தியிருந்த நீளக் கம்பு அரிவாள்களோ அன்றாடம் தீட்டித் தீட்டிப் பளபளத்தன. அவர் கருவிக்கு எதிரியும் இல்லை. துடைத்து எண்ணெய் போட்டு வைப்பவரே அவர்தான். தோள்வலி குறையும் என்று அவரே சொன்னார்.

கேண்டாஸ், மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கியது. குட்டை மரத்தில் வேலை வேகமாக நடக்கும். ஆனால் செம்பனையை ஏறக்குறைய 25 வருடம் விட்டுவைக்கிறோம். மரம் வளர வளரக் குலை மேலே போய்விடும், கருவி எட்டாது. சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயாப் பக்கத்துத் தோட்டம் அது; பெரும்பகுதி உயர மரம்.

சரி, விதி எல்லாத் தோட்டத்துக்கும் ஒன்றுதானே? ஒரு முறை எடுத்தாலும் ‘ஆம்’. தோட்டத்துக்குத் தோட்டம் நான் என் மனம்போல் தீர்மானித்தால் ஒன்றையொன்று ஒப்பிடவே முடியாது. ‘இல்லை’ என்று போட்டிருந்தால், கருவியைக் கற்றுக்கொண்டு வெட்டுகிறவர்களின் உழைப்பு கணக்கிலேயே வராது. இதையெல்லாம் யோசித்துத்தான் டிக்கை மாற்றவில்லை. ஓரத்தில் ‘குட்டை மரத்தில் மட்டும்’ என்று எழுதினேன். ஓரக்குறிப்பு கணினியில் ஏறாது என்பதும் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் கலப்பின மக்காச்சோளம் பரவியதைப் பற்றி 1957-ல் வெளிவந்த ஆய்வில், பொருளியலாளர் ஸ்வி கிரிலிக்கஸ் மொத்த மக்காச்சோள நிலத்தில் எத்தனை சதவீதம் புது விதைக்கு மாறியது என்று பார்த்தார். நாங்கள் இன்னும் தோட்டங்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம். நிலத்தை அளந்திருந்தால் மண்டோரின் கவலை எண்ணிக்கையிலேயே தெரிந்திருக்கும். தெரிந்தாலும் ஆள் குறைப்பதை அது தடுத்திருக்குமா? அங்கேதான் என் நியாயமெல்லாம் ஆட்டம் காண்கிறது. கேட்கிற வேலை என்னுடையது, முடிவெடுக்கிறவர்கள் வேறு என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் கையில் போய்ச் சேர்வது நான் போட்ட டிக்தான்.

அடுத்த படிவத்தில் ‘எத்தனை ஹெக்டரில்’ என்று ஒரு கட்டம் சேர்க்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.