கொழுப்பில் ஓடப் பழகிய ஆறு வாரங்கள்

நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கும். தசைகளில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து, சுமார் 400 முதல் 500 கிராம், கல்லீரலில் இன்னொரு 100 கிராம். கொழுப்போ ஒல்லியான உடம்பிலும் கிலோக்கணக்கில் கிடக்கிறது, கிராமுக்கு 9 கலோரி வேறு. மாரத்தானில் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் இரண்டு முறை கால்கள் என்னைக் கைவிட்டன. தசையைக் கொழுப்புக்குப் பழக்கிவிட்டால் என்ன என்று அதற்கப்புறம்தான் யோசித்தேன். மருத்துவரிடம் காட்டி உடம்பில் சிக்கல் எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டு, மாவுச்சத்தை நாளுக்கு 50 கிராமுக்குள் அடக்கினேன்.

தொடங்கும் முன் ஒரு மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டேன். டிரெட்மில்லில் ஓடும்போது மூக்கையும் வாயையும் சேர்த்து ரப்பர் முகமூடி மாட்டுவார்கள். பத்து நிமிடத்தில் தாடைக்குக் கீழே வியர்வை தேங்கி, முகமூடி வழுக்க ஆரம்பிக்கும். வெளிவிடும் கரியமில வாயுவை, உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜனால் வகுத்தால் வருவது சுவாச ஈவு. அது 1.0 என்றால் எரிவது முழுக்க மாவுச்சத்து, 0.7 என்றால் முழுக்கக் கொழுப்பு. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் எனக்கு 0.89 வந்தது.

முதல் பத்து நாட்கள் மோசம். வழக்கமாக ஓடும் மேட்டில் பாதியில் நின்றுவிட்டேன். கூட ஓடும் நண்பன் திரும்பிப் பார்த்து, "என்னடா, காலில் கல்லைக் கட்டிக்கொண்டா ஓடுகிறாய்?" என்றான். மூன்றாவது வாரம் நிலைமை மாறியது. மெதுவாக இரண்டரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தும் பசியில்லை, தலை தெளிவாக இருந்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

ஆறாவது வார முடிவில் அதே முகமூடி, அதே வேகம். சுவாச ஈவு 0.77. கொழுப்பமிலங்களை, செல்லின் எரிஉலையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்க்கும் கார்னிடைன் வழி மும்முரமாகியிருக்கும், நான் எதிர்பார்த்ததும் அதுதான். ஆனால் பக்கத்து எண்ணைப் பாருங்கள் என்று பரிசோதகர் திரையைத் தொட்டுக் காட்டினார். அதே வேகத்துக்கு முன்பு, எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 36 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போதுமாக இருந்தது, இப்போது 37.5 தேவைப்பட்டது. ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5 கலோரி கிடைக்கும், கொழுப்பை எரித்தால் 4.7தான். மெதுவாக ஓடும்போது இந்த வித்தியாசம் உறைப்பதில்லை. மூச்சு வாங்கும் வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு துளி ஆக்சிஜனுக்கும் கணக்கு உண்டு.

இருந்தாலும் எனக்கொரு யோசனை. 10 கிலோமீட்டர் பந்தயத்துக்கு முந்தைய நாள் மட்டும் மாவுச்சத்தை நிறையச் சாப்பிட்டுக் கிளைக்கோஜனை நிரப்பிக்கொண்டால் இரண்டு நன்மையும் கிடைக்குமே! பந்தயத்தில் எட்டாவது கிலோமீட்டர் வரை சரி. அங்கே வேகத்தைக் கூட்டப் பார்த்தேன், கூடவில்லை. கால் வலிக்கவில்லை, மயக்கம் இல்லை, அடுத்த கியர் மட்டும் விழவில்லை.

காரணத்தைத் தேடிப் படித்தபோது பைருவேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியில் போய் நின்றேன். குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிவதற்கு இந்த நொதிதான் வாசல். கொழுப்பு அதிகமாக எரிந்தால் தசை குளுக்கோஸை ஒதுக்கும் என்று பிலிப் ராண்டில் குழுவினர் 1963-லேயே சொல்லிவிட்டார்கள். கொழுப்புச் சாப்பாடு தொடர்ந்தால் இந்த வாசலைப் பூட்டும் இன்னொரு நொதியும் தசையில் கூடுகிறது. ஐந்து நாள் கொழுப்பு, ஒரு நாள் மாவுச்சத்து என்று சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2006 ஆய்வில், கிளைக்கோஜன் திரும்ப நிரம்பியும் வாசலான பைருவேட் டிஹைட்ரஜனேஸின் வேகம் குறைந்தே இருந்தது. கிளைக்கோஜன் மிச்சமாகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மிச்சமாகவில்லை, எடுக்க முடியாமல் உள்ளே கிடந்திருக்கிறது. 2017-இல் லூயிஸ் பர்க் குழுவினர் உலகத்தரமான வேகநடை வீரர்களிடம் கண்டதும் இதை ஒட்டித்தான்: கொழுப்பை எரிப்பது வெகுவாகக் கூடியது, 10 கிலோமீட்டர் நேரம் மட்டும் முன்னேறவில்லை.

இதற்கிடையில், ஓட்டப் பழக்கமே இல்லாத என் அண்ணன் தானும் இதையே சாப்பிடலாமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா என்றேன். ஓடுகிறவன் தசையிலும் கொழுப்புத் துளிகள் நிறைய உண்டு, அவை தினமும் கரைந்து திரும்பச் சேரும். உட்கார்ந்தே இருக்கிறவர் தேவைக்கு மேல் கொழுப்பைச் சாப்பிட்டால், டையசில்கிளிசரால், செராமைடு போன்ற கொழுப்புப் பொருட்கள் தசையில் சேர்ந்து இன்சுலின் சொல்வதைத் தசை கேட்காமல் செய்துவிடும்.

பந்தயத்துக்கு அப்புறம் மாவுச்சத்துக்குத் திரும்பினேன். மூன்றாவது வாரம் அதே மேட்டில் 90 விநாடி முழு வேகத்தில் ஏறினேன். உச்சியில் தொடை இரண்டும் தீயாக எரிந்தன. கொழுப்பில் ஓடிய ஆறு வாரத்தில் அந்த எரிச்சலை நான் உணர்ந்திருக்கவே இல்லை. நண்பன் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தான்.