எல்டிஃப்ளாக்ஸில் மாட்டிய ஸ்கொயர் ரூட்

இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிடும் குட்டி சி புரோகிராம். ஆபீஸில் பழைய சென்ட்ஓஎஸ் லினக்ஸ் மெஷினில் ஒழுங்காக ஓடியது. அதே ஃபோல்டரை என் உபுண்டு லேப்டாப்பில் போட்டு மேக் (புரோகிராமை பில்டு செய்யும் கருவி) கொடுத்தால், 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு எஸ்க்யூஆர்டி', அதாவது ஸ்கொயர் ரூட் ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று, புரோகிராமை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர் நின்றுவிட்டது.

யாரைக் கேட்டாலும் 'மைனஸ் எல்எம் சேர்' என்பார்கள், கணித லைப்ரரியை இணைக்கச் சொல்லும் ஆப்ஷன் அது. அதுதான் மேக்குக்கான விதிகள் உள்ள மேக்ஃபைலிலேயே இருக்கிறதே!

சரி, பிரச்சினையைச் சுருக்கிப் பார்க்கலாம் என்று, வேரியபிளை எடுத்துவிட்டு நேரடியாக 2.0 என்ற எண்ணுக்கு ஸ்கொயர் ரூட் கேட்டேன். சத்தமில்லாமல் கம்பைல் ஆனது. இதுதான் ரொம்பக் குழப்பியது. உள்ளே நடப்பது வேறு: எண் முன்கூட்டியே தெரிந்தால் ஜிசிசி கம்பைலர் விடையைத் தானே போட்டுவிடும், லைப்ரரி பக்கமே போகாது.

அப்புறம் 'மேக் மைனஸ் என்' அடித்தேன். எதையும் ஓட்டாமல், ஓட்டப்போகும் கட்டளையை மட்டும் காட்டும். முதலில் 'சிசி' (கம்பைலர்), அடுத்து 'மைனஸ் எல்எம்', அதற்குப் பிறகுதான் 'டிஸ்ட் டாட் சி' (என் புரோகிராம்). விஷயம் அந்த வரிசையில்தான் இருந்தது.

லிங்கர் இடமிருந்து வலமாகப் படிக்கும். கணித லைப்ரரியைப் பார்க்கும்போது அதை இன்னும் யாருமே கேட்டிருக்கவில்லை. உபுண்டுவில் 11.10 பதிப்பிலிருந்து 'ஆஸ்-நீடட்' என்பது டீஃபால்ட், தேவைப்படாததைக் கழற்றிவிடும். ஆள் வந்து உட்காருவதற்குள் இலையை எடுத்துவிட்ட கதை. சென்ட்ஓஎஸ்ஸில் அந்த டீஃபால்ட் இல்லாததால் வரிசை தப்பாக இருந்தும் பிழைத்தது.

மேக்ஃபைலில் 'மைனஸ் எல்எம்' எல்டிஃப்ளாக்ஸ் என்ற வேரியபிளில் இருந்தது. மேக்கின் உள்ளமைந்த விதி எல்டிஃப்ளாக்ஸை ஃபைல்களுக்கு முன்னால் வைக்கும், லைப்ரரிகளுக்கான எல்டிலிப்ஸைக் கடைசியில் வைக்கும். பெயரை எல்டிலிப்ஸ் என்று மாற்றினேன், பில்டு ஆகிவிட்டது.

அந்த டீஃபால்ட்டை அணைக்கும் 'நோ-ஆஸ்-நீடட்' போட்டும் சமாளிக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நாளைக்கு 'டாட் ஏ' என்று முடியும் ஸ்டாட்டிக் லைப்ரரி (புரோகிராமுக்குள்ளேயே சேர்க்கப்படுவது) வந்தால், வரிசை தப்பினால் சென்ட்ஓஎஸ்ஸிலும் இதே எரர்தான்.

லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி, 2021-இல் வந்த 2.34 பதிப்பில், முன்பு தனித்தனியாக இணைக்க வேண்டியிருந்த பித்ரெட், டிஎல் லைப்ரரிகளை மெயின் சி லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டது. கணித லைப்ரரியைத் தனியாகவே விட்டுவைத்தார்கள், அதனால் 'மைனஸ் எல்எம்' இன்னும் வேண்டும்.