கழசல் விலையும் கண்ணி அளவும்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் சில ஆண்டுகள் ஒரு ஏற்றுமதி நிறுவனத்துக்காகக் கணவாய் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையில் கொள்முதல் மேற்பார்வையாளர். ஏலக்கூடத்தில் வெறும் ‘கம்பெனிக்காரர்’. மீன்பிடிச் சட்டங்களை நான் படித்தது கொஞ்சம். அவை எந்த இடத்தில் பிடி நழுவுகின்றன என்பதை விலை கேட்டு நின்றபோது பார்த்ததுதான் அதிகம்.

விசைப்படகு தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கப் போனால் செலவில் பெரும்பங்கு டீசல். அப்புறம் ஐஸ், அரிசி, மளிகை, வலைப் பழுது. அரசு வரிவிலக்கு டீசல் கொடுக்கிறது. ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்தது 19,000 ஆனது. இரவும் பகலும் இழுவலையை இழுத்துக்கொண்டு ஓடுகிற இன்ஜினுக்கு அது எந்த மூலைக்கு? மீதியைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். அந்தப் பணத்தைப் பல நேரம் முன்கூட்டிப் போடுவது ஏலக்காரர்தான். அவரிடம் முன்பணம் வாங்கிய படகு அவரிடமே மீனை இறக்க வேண்டும், விற்ற தொகையில் அவருக்குக் கமிஷன். வெளியூர்க்காரர்கள் இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடிக்கத் தோன்றியதில்லை. நாளை கடலில் என்ன ஆகும் என்று தெரியாத ஒரு படகை நம்பி, ஒரு வாரத்துக்கு மட்டும், ராத்திரி பத்து மணிக்குப் பணம் எடுத்துக் கொடுக்க எந்த வங்கி மேலாளர் வரப்போகிறார்? ஆனால் அந்தக் கடன் இருக்கும்வரை படகு பாதி வெறுமையாகக் கரைக்குத் திரும்ப முடியாது.

படகில் போகிறவர்களுக்கும் மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். செலவும் கமிஷனும் கழித்து மிஞ்சுவதில் முதலாளிக்கு ஒரு பாகம், தொழிலாளர்களுக்கு ஒரு பாகம். ஆகவே மடியில், அதாவது இழுவலையின் பைப்பகுதியில், எது ஏறினாலும் காசாக வேண்டும் என்பதில் படகில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மனம். கணவாயும் இறாலும் வஞ்சிரமும் போக மிச்சம் கிடக்கும் நசுங்கிய காரல், விரல் நீளச் சங்கரா, குஞ்சு நண்டு எல்லாம் சேர்ந்த குவியலுக்குக் கரையில் கழசல் என்று பெயர். ஒரு காலத்தில் கடலிலேயே தள்ளிவிட்டு வந்த சரக்கு. கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைகளுக்கும் தேவை கூடியதும் அதற்கும் விலை வந்தது. கிலோவுக்குச் சொற்பம்தான். ஆனால் நல்ல மீன் குறைந்த நடையில் சில படகுகளில் டீசல் கணக்கைத் தேற்றுவது அதுதான்.

இந்த இடத்தில்தான் சட்டம் வந்து முட்டுகிறது. விசைப்படகுகளும் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களும் கடலில் மோதிக்கொண்ட காலத்தை அடுத்து வந்தது 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையோரக் கடலைச் சிறு மீனவர்களுக்கு ஒதுக்கியது அதன் முக்கியமான வேலை. இன்றைய விதிப்படி இழுவலை மடியின் கடைசிப் பகுதியில் கண்ணி, அதாவது வலைத் துளை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குஞ்சு மீன் தப்பிப் போகட்டும் என்பதுதான் நோக்கம். ஒரு படகு டிரைவரிடம் இதைப் பேசியபோது அவர் கோபப்படவே இல்லை. “நான் பெரிய கண்ணி போடுறேன் சார். பக்கத்துப் படகு போடலன்னா அந்தக் குஞ்சு அவன் மடியில ஏறும். எனக்குத்தான் டீசல் காசு போச்சு” என்றார். பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து சொல்லி முடித்துவிட்டார்.

விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்க வேண்டிய தடைக்காலத்தை மீனவர்கள் ஓரளவு ஏற்றுக்கொண்டதன் காரணமும் அதில் இருக்கிறது. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள். நிவாரணம் இப்போது குடும்பத்துக்கு 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் என் படகு நிற்கும்போது பக்கத்துப் படகும் நிற்கிறது, அதைக் கண்ணால் பார்க்கலாம். மடிக்குள் இருக்கும் கண்ணியை யார் பார்ப்பது? தடை முடிந்து படகுகள் ஒரே நேரத்தில் வந்து சேரும் நாட்களில் விலை சரியும். அப்போது ஏறும் கழசல் லாரிகளைப் பார்த்தால், இரண்டு மாதம் சேமித்ததை இரண்டு வாரத்தில் செலவழிக்கிறோமோ என்று தோன்றும்.

என் பங்குக்கு வந்த ஒழுங்குமுறை, பிடிப்புச் சான்றிதழ். சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்த மீன் உள்ளே வரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் கேட்கும் காகிதம் அது. எந்தப் படகு, பதிவு எண் என்ன, எந்தக் கடல் பகுதி, எப்போது, எத்தனை கிலோ என்று எல்லாம் எழுத வேண்டும். கொட்டகையிலோ பல படகுகளின் கணவாயும் ஒரே ஐஸில் கலந்து கிடக்கும். எந்தப் பெட்டி எந்தப் படகுடையது என்று ஏலக்காரரின் துண்டுச் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும். அலுவலகத்திலிருந்து “கிலோ டேலி ஆனா போதும், அனுப்புங்க” என்று போன் வரும். சண்டை போட்டிருக்கிறேன். சில நாள் ஜெயித்திருக்கிறேன்.

அந்தச் சான்றிதழ் கணவாயைப் பற்றி மட்டும்தான் கேட்கிறது. அதே மடியில் ஏறிய குஞ்சு மீன் அதே கேட் வழியாக லாரியில் வெளியே போகும். அதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுத் தட்டுக்குப் போகும் மீனுக்கு ஜாதகம் உண்டு, மாவாகப் போகும் மீனுக்கு இல்லை.

கேரளம் வேறு வழியில் போயிருக்கிறது. 2015இல் சில இனங்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்து, பிறகு பட்டியலை நீட்டினார்கள். மத்தி என்றால் 10 செ.மீ. அதற்குக் குறைவான மீனைப் பிடித்தால் குற்றம். கடலுக்குள் போய் வலையை அளப்பதைவிட கரையில் மீனை அளப்பது எளிது, செலவும் குறைவு. ரோந்துப் படகுக்கு ஊற்றும் டீசலில் ஒரு பங்கைக் கழசல் லாரி நிற்கும் இடத்தில் ஒரு ஆளையும் ஒரு அளவுகோலையும் நிறுத்தச் செலவிட்டாலே பலன் தெரியும் என்பது என் கணிப்பு. ஆனால் ஒன்று. வேறு பல படகுகளில் கழசல் காசு பங்குக் கணக்கில் சேருவதில்லை, தொழிலாளர்களே பிரித்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போகும்போது கையில் இருக்கும் ரொக்கம் பெரும்பாலும் அதுதான். அதற்கு ஈடாக முதலாளி பங்கைக் கூட்டுவாரா, நிவாரணத்தைப் போல அரசு ஏதாவது தருமா என்று முதலில் பேசி முடிக்காமல் அளவுகோலோடு போய் நின்றால், எதிர்த்து வருவது முதலாளியாக இருக்காது, மடியை அவிழ்த்துக் கொட்டுகிற ஆளாகத்தான் இருக்கும்.