பெரியப்பாவின் சீன மருந்து டப்பா

பெரம்பூரில் பெரியப்பா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு டப்பா. சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த சீன மூலிகை உருண்டை, மூடி முழுக்கச் சீன எழுத்து. டாக்டர் எழுதிக்கொடுத்த சுகர் மாத்திரையோடு இதையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். நாலாவது நாள் விடிகாலையில் பனியன் நனைய வேர்வை, கை நடுக்கம், குளுக்கோமீட்டரில் சர்க்கரை 52-க்கு இறங்கியிருந்தது. பெரியம்மா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்த பிறகுதான் பேச்சே வந்தது.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். சீனாவில் பலரும் சுகருக்குச் சாப்பிடும் சியாவ்கே உருண்டையில் மூலிகைகளோடு கிளிபென்கிளமைடும் உண்டு, நம் மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டுக்குத் தரும் அதே ஆங்கில சுகர் மருந்து! ஏற்கெனவே மாத்திரை போடுகிறவர் இதையும் விழுங்கினால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

அதற்காக மூலிகையே வீண் என்று சொல்ல மாட்டேன். ஹுவாங்லியன் என்ற சீன மூலிகைக் கிழங்கில் இருக்கும் பெர்பெரின் என்ற பொருள், 2008-ல் வெளியான ஒரு சீன ஆய்வில் டாக்டர்கள் வழக்கமாக எழுதும் சுகர் மாத்திரையான மெட்ஃபார்மினுக்கு இணையாகச் சர்க்கரையைக் குறைத்தது. நம் நாட்டு மருந்துக் கடை மரமஞ்சளிலும் அதே பெர்பெரின்தான். ஆனால் அந்த ஒப்பீட்டில் இருந்தது 36 பேர், 3 மாதம், அவ்வளவுதான். சீன மூலிகைகள் பற்றிய 66 ஆய்வுகளை, மொத்தம் 8302 நோயாளிகள், சேர்த்து வைத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுரை, பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்றே சொன்னது.

டப்பாவை மஞ்சப்பையில் போட்டு வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டிவிட்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்க்கவும் ரத்தம் கொடுக்கிறோம்.